அடுத்த பத்து வருஷத்துக்கு ஒரு டெஸ்க்டாப்: எந்த பார்ட்டில் காசு போடணும்?

அசெம்பிள்டு சிஸ்டம் வாங்கப் போகிறோம் என்றதும் நம்மில் பெரும்பாலானோர் முதலில் கேட்கும் கேள்வி, "இந்த பட்ஜெட்டுக்கு எவ்வளவு ஸ்பீடு கிடைக்கும்?" என்பதுதான். யூடியூப் வீடியோக்களும் அதைத்தான் சொல்கின்றன: எத்தனை எஃப்.பி.எஸ், எத்தனை கோர், எத்தனை கலரில் லைட். ஆனால் வீட்டில் அப்பா சீட்டுப் பணத்தை எடுத்தோ, அம்மா நகையை அடகு வைத்தோ வாங்கித் தரும் கம்ப்யூட்டருக்கு இன்னொரு கேள்வி முக்கியம். இது எத்தனை வருஷம் உழைக்கும்? ஃபர்ஸ்ட் இயரில் வாங்கினால் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வரைக்கும் வருமா? அதன் பிறகு தம்பி, தங்கை படிப்புக்கும் உதவுமா?

நல்ல செய்தி என்னவென்றால், சரியாகத் தேர்ந்தெடுத்தால் தினசரி வேலைக்கான டெஸ்க்டாப் எட்டு, பத்து வருஷம் தாராளமாக ஓடும். அதற்காக டாப் மாடலாக வாங்க வேண்டியதில்லை. எது சீக்கிரம் கெடும், எது கெடவே கெடாது என்று தெரிந்து காசைப் பிரித்துப் போட்டால் போதும். ப்ரவுஸிங், கோடிங், மேட்லேப், ஓரளவு கேட் வேலை, ஆன்லைன் கிளாஸ், சினிமா என்று எல்லோருக்கும் பொதுவான சிஸ்டத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஹெவி கேமிங் ஆட்களுக்கும் பாதி பொருந்தும்.

முதலில் கொஞ்சம் தியரி: பொருள்கள் ஏன் கெடுகின்றன?

ரிலையபிலிட்டி பாடத்தில் 'பாத்டப் கர்வ்' படித்திருப்போம். புதுப் பொருள் முதல் சில வாரங்களில் கெடும் வாய்ப்பு அதிகம். அது தயாரிப்புக் கோளாறு. அதைத் தாண்டினால் நீண்ட அமைதியான காலம். கடைசியில் தேய்மானத்தால் மறுபடி வரைபடம் மேலே ஏறும். முதல் பகுதியை வாரண்டி பார்த்துக்கொள்ளும். கடைசிப் பகுதி எப்போது தொடங்குகிறது என்பதை நாம் தேர்ந்தெடுக்கும் பார்ட்டும், அதற்குக் கிடைக்கும் வெப்பமும் தூசியும் கரண்டும் முடிவு செய்கின்றன.

தேய்மானத்தில் முதல் குற்றவாளி எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர். இதன் உள்ளே இருக்கும் திரவம் வருஷக்கணக்கில் மெல்ல ஆவியாகி, கொள்திறன் குறைந்து, உள் மின்தடை ஏறும். 2000களின் தொடக்கத்தில் தரமற்ற எலக்ட்ரோலைட் கொண்ட கெபாசிட்டர்கள் உலகம் முழுக்க லட்சக்கணக்கான மதர்போர்டுகளில் உப்பி வெடித்தன. 'கெபாசிட்டர் பிளேக்' என்றே அதற்குப் பெயர் வந்தது. பழைய போர்டுகளில் தலை உப்பி நிற்கும் சின்னச் சின்ன டப்பாக்களைப் பார்த்திருந்தால், அதுதான்.

கெபாசிட்டரின் மேல் "105°C" என்றோ "85°C" என்றோ எழுதியிருக்கும். டேட்டா ஷீட்டில் அந்த வெப்பத்தில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று இருக்கும். கட்டை விரல் கணக்கு: வெப்பம் 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிப்பாகும். கெமிஸ்ட்ரியில் படித்த அர்ரீனியஸ் சமன்பாட்டின் எளிய வடிவம் இது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு கெபாசிட்டர், இரண்டுக்கும் 2000 மணி நேரம். உள்ளே வெப்பம் 65 டிகிரி. தினமும் 8 மணி நேரம் கம்ப்யூட்டர் ஓடுகிறது.

- 105 டிகிரி ரகம்: 40 டிகிரி வித்தியாசம், அதாவது நான்கு முறை இரட்டிப்பு. 2000 × 16 = 32,000 மணி நேரம். 4000 நாள். ஏறக்குறைய 11 வருஷம்.
- 85 டிகிரி ரகம்: 20 டிகிரி வித்தியாசம், இரண்டு முறை இரட்டிப்பு. 2000 × 4 = 8000 மணி நேரம். 1000 நாள். மூன்று வருஷம்கூட இல்லை.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி டப்பாதான். விலை வித்தியாசமும் சில ரூபாய்தான். ஆனால் ஒன்று தேர்ட் இயர் முடிவதற்குள் தள்ளாட ஆரம்பிக்கும், இன்னொன்று நீங்கள் வேலைக்குப் போன பிறகும் ஓடும். அதே 105 டிகிரி கெபாசிட்டரை நல்ல காற்றோட்டம் வைத்து 55 டிகிரியில் ஓட்டினால் கணக்கு 22 வருஷத்துக்குப் போய்விடும். கணக்கு கணக்குதான், அவ்வளவு வருஷம் அப்படியே வரும் என்று அர்த்தமில்லை. ஆனால் குளிர்ச்சிக்குச் செலவிடும் காசு ஆயுளுக்குச் செலவிடும் காசு என்பது இதிலிருந்து புரியும்.

இன்னொரு எண்ணிலும் ஏமாறக் கூடாது. சில எஸ்எஸ்டி பெட்டிகளில் "எம்.டி.பி.எஃப் 15 லட்சம் மணி நேரம்" என்று போட்டிருக்கும். வகுத்தால் 171 வருஷம். நம் கொள்ளுப்பேரன் காலம் வரை ஓடும் என்று அர்த்தமா? இல்லை. ஒரு வருஷத்துக்கு 8760 மணி நேரம். 8760-ஐ 15 லட்சத்தால் வகுத்தால் 0.58 சதவீதம். அதாவது ஆயிரம் டிரைவ்கள் ஒரு வருஷம் இடைவிடாமல் ஓடினால் சுமார் ஆறு கெடலாம், அதுவும் தேய்மானம் தொடங்காத நடுப் பகுதியில். நம்முடையது அந்த ஆறில் ஒன்றாக இருக்காது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

எஸ்எம்பிஎஸ்: யாரும் கவனிக்காத ஹீரோ

ஒரே ஒரு பார்ட்டில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது என்றால், அது எஸ்எம்பிஎஸ். மற்ற பார்ட் கெட்டால் அது மட்டும் கெடும். எஸ்எம்பிஎஸ் மோசமாகக் கெட்டால் போகும்போது மதர்போர்டு, எஸ்எஸ்டி எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போகும்.

எங்கள் ஹாஸ்டலில் ஒரு ஃபைனல் இயர் அண்ணாவுக்கு இது நடந்தது. நல்ல பிராசசர், நல்ல ராம். கேபினட்டோடு சேர்ந்து வந்த பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ். செகண்ட் ரிவ்யூவுக்கு நான்கு நாள் முன்னால் கரண்ட் போய்விட்டு வந்தபோது ஒரு சின்ன சத்தம், கருகிய வாசனை. மதர்போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து போய்விட்டன. மிச்சம் பிடித்தது ஆயிரத்து சொச்சம் ரூபாய். போனது அதைப் போலப் பல மடங்கு, கூடவே இரண்டு மாத சிமுலேஷன் டேட்டா.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

*எத்தனை வாட் வேண்டும்?* 65 வாட் என்று பெயர்போட்ட ஏஎம்டி பிராசசர் உச்சத்தில் 88 வாட் வரை இழுக்கும். மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 50 வாட். மொத்தம் 140 வாட் சொச்சம். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டத்துக்கு 450 வாட் தாராளம். பின்னாளில் ஆர்டிஎக்ஸ் 3060 மாதிரி 170 வாட் கார்டு போடும் எண்ணம் இருந்தால் 550 வாட். கடையில் "எதுக்கும் இருக்கட்டும் தம்பி, 850 போட்டுக்கோங்க" என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். அதே காசுக்கு தரமான 550 கிடைக்கும்.

*80 ப்ளஸ் என்றால் என்ன?* 2004-ல் தொடங்கிய இந்தச் சான்றிதழ் சொல்வது மின்திறனை மட்டும்தான். பிரான்ஸ் என்றால் பாதி லோடில் சுமார் 85 சதவீதம். நம் 140 வாட் சிஸ்டத்துக்கு 85 சதவீத எஸ்எம்பிஎஸ் சுவரிலிருந்து 165 வாட் எடுக்கும்; 25 வாட் வெப்பமாகும். 70 சதவீதம் கொண்ட லோக்கல் டப்பா 200 வாட் எடுக்கும். 60 வாட் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளேயே சூடாகி கெபாசிட்டரை வேக வைக்கும். அந்த வகையில் 80 ப்ளஸ் ஆயுளுக்கும் உதவும். ஆனால் கோல்டு ஸ்டிக்கர் இருப்பதாலேயே உள்ளே நல்ல கெபாசிட்டர் இருக்கிறது என்று சொல்ல முடியாது. சோதனை நடப்பதும் சாதாரண அறை வெப்பத்தில்தான், நம் ஊர் மே மாதத்தில் அல்ல.

அதனால் ஸ்டிக்கரைத் தாண்டி நான்கு விஷயம் பாருங்கள். ஒன்று, வாரண்டி: நல்ல மாடல்களுக்கு 5, 7, சிலவற்றுக்கு 10 வருஷம் தருகிறார்கள். தயாரித்தவருக்கே நம்பிக்கை இல்லாத பொருளுக்கு அவ்வளவு வாரண்டி தர மாட்டார். இரண்டு, முழு வாட்டையும் எந்த வெப்பத்தில் தரும்: 40 அல்லது 50 டிகிரி என்று இருக்கணும். மூன்று, கெபாசிட்டர்: 105 டிகிரி, முடிந்தால் ஜப்பான் தயாரிப்பு. நான்கு, பாதுகாப்பு: அதிக வோல்டேஜ், அதிக கரண்ட், ஷார்ட் சர்க்யூட், அதிக வெப்பம் இவற்றுக்கெல்லாம் தானாக அணைந்துகொள்ளும் வசதி.

ஒரு எச்சரிக்கை. கேபிளைத் தனியாகக் கழற்றும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால், வேறு கம்பெனி கேபிளை அதில் மாட்டவே கூடாது. பிளக் பொருந்தும், ஆனால் உள்ளே பின் வரிசை மாறியிருக்கலாம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் டிரைவ் காலி.

சுவரில் இருந்து வரும் கரண்ட்

எவ்வளவு நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கினாலும் பிளக் பாயிண்ட்டில் எர்த் சரியில்லை என்றால் பாதி பயன் போச்சு. கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவே எவ்வளவு வோல்டேஜ் என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் போர்டில் மாட்டும் பழக்கம் வேண்டாம்.

அடுத்தது யூபிஎஸ். பெட்டியில் இருக்கும் வி.ஏ வேறு, வாட் வேறு. 600 வி.ஏ என்று விற்கும் சின்ன யூபிஎஸ் பலவற்றில் உண்மைத் திறன் 360 வாட்தான். நம் சிஸ்டம் 165, மானிட்டர் 25, மொத்தம் 190 வாட். ஆக 600 வி.ஏ போதும். உள்ளே இருப்பது சின்ன பேட்டரி; சேவ் பண்ணி ஷட் டவுன் பண்ணுவதற்கான சில நிமிடங்களுக்குத்தான் அது, படம் பார்ப்பதற்கு இல்லை. நம் வெயிலுக்கு அந்த பேட்டரி இரண்டு, மூன்று வருஷம் வரும். யூபிஎஸ்ஸைத் தூக்கிப் போடாமல் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே, அது போதாதா? அது ஸ்கொயர் வேவ் ரகமா, சைன் வேவ் ரகமா என்று பாருங்கள். இன்றைய நல்ல எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி இருக்கும். அதற்கு ஸ்கொயர் வேவ் ஒத்துவராது. சத்தம் போடும், சூடாகும், சில நேரம் அணைந்தே போகும். சைன் வேவ் என்றாலும் 'யூபிஎஸ் மோட்' சுவிட்சைப் போட்டு வையுங்கள். கரண்ட் போன பிறகு எஸ்எம்பிஎஸ் தன் கெபாசிட்டரில் உள்ள சார்ஜை வைத்துத் தாக்குப்பிடிப்பது முழு லோடில் ஏறக்குறைய 16 மில்லி செகண்ட். இன்வெர்ட்டர் அதற்குள் மாறியாக வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை இடி மழைக்கு மட்டும் எந்தக் கருவியையும் நம்பாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். லேன் கேபிளையும் சேர்த்துப் பிடுங்கணும். மின்னல் அந்த வழியாக வந்து மதர்போர்டின் நெட்வொர்க் போர்ட்டைத் தீர்த்துவிட்டுப் போவது உண்டு.

பிராசசரும் மதர்போர்டும்

பிராசசர் மிக அரிதாகத்தான் கெடும். பத்து வருஷப் பழைய சிஸ்டத்தில் எல்லாம் செத்தாலும் பிராசசர் மட்டும் உயிரோடு இருக்கும். இதற்கு அண்மைக் காலத்தில் ஒரு பெரிய விதிவிலக்கு: இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள். தேவைக்கு மீறிய வோல்டேஜ் கேட்டு வாங்கியதால் சில உள்ளுக்குள் நிரந்தரமாகப் பழுதாகி, சிஸ்டம் கிராஷ் ஆக ஆரம்பித்தது. 2024-ல் இன்டெல் மைக்ரோகோட் அப்டேட்களை வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டித்தது. அப்டேட் புதுச் சேதத்தைத் தடுக்கும். ஏற்கனவே பழுதானதைச் சரிசெய்யாது. ஆகவே இந்தத் தலைமுறை ஐ7, ஐ9-ஐ செகண்ட் ஹேண்டில் வாங்குவதை யோசித்துச் செய்யுங்கள். புதிதாக வாங்கினால் முதல் வேலையாக பயாஸ் அப்டேட்.

பிராசசர் கெடாது, சரி. ஆனால் பழசாகும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெலில் ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். 2017 தொடக்கத்தில் ஆசையாக 7-ஆம் தலைமுறை வாங்கியவர் கையில், ஹார்டுவேர் நன்றாக இருந்தும் பட்டியலுக்கு வெளியே நிற்கும் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதே வருஷம் அக்டோபரில் வந்த 8-ஆம் தலைமுறை வாங்கியவர் தப்பித்தார். பாடம்: விலை குறைகிறது என்று இரண்டு, மூன்று தலைமுறை பழைய பிராசசரைப் புதிதாக வாங்காதீர்கள். மாட்டிக்கொண்டவர்களுக்கு லினக்ஸ் இருக்கவே இருக்கிறது; கோடிங், ப்ரவுஸிங்குக்கு அது இன்னும் பல வருஷம் ஓட்டித் தரும்.

சாக்கெட்டும் கவனிக்க வேண்டியது. 2017-ல் வந்த ஏஎம்4 மதர்போர்டுகள் பலவற்றில் பயாஸ் அப்டேட் செய்து ரைசன் 5000 வரிசை பிராசசரைப் போட முடிந்தது. போர்டு, ராம் எதையும் மாற்றாமல் பிராசசரை மட்டும் மாற்றி சிஸ்டத்துக்கு மறு ஆயுள். ஏஎம்5 சாக்கெட் 2022-ல் வந்தது. அதையும் 2027 வரையாவது தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட் 12, 13, 14 என மூன்று தலைமுறையோடு நின்றது. நீண்ட ஓட்டத்துக்கு வாங்குபவர் இதையும் கணக்கில் சேர்க்கணும்.

உள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள பிராசசராக வாங்குங்கள். இன்டெலில் பெயர் முடிவில் 'எஃப்' இருந்தால் கிராஃபிக்ஸ் கிடையாது. கொஞ்சம் விலை குறைவு என்று அதை எடுத்தால், என்றைக்காவது கிராஃபிக்ஸ் கார்டு கெடும் நாளில் ஸ்கிரீனே வராது.

மதர்போர்டில் லைட்டை விட்டுவிட்டு மூன்று விஷயம் பாருங்கள். பிராசசரைச் சுற்றி உள்ள விஆர்எம் பகுதிக்கு ஹீட் சிங்க் இருக்கணும், கெபாசிட்டர் சாலிட் ரகமாக இருக்கணும். ராம் ஸ்லாட் நான்கு, எம்.2 ஸ்லாட் இரண்டு இருந்தால் நாளைக்கு விரிவாக்க இடம் இருக்கும். கடைசியாக, அந்தக் கம்பெனி பழைய போர்டுகளுக்கு எத்தனை வருஷம் பயாஸ் அப்டேட் கொடுத்திருக்கிறது என்று அதன் சப்போர்ட் பக்கத்தில் பாருங்கள். இன்னொன்று: நான்கைந்து வருஷம் கழித்து தேதி, நேரம் தானாக மாறிப்போனால் பயப்பட வேண்டாம். சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும்.

ராம்

ராம் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பெரும்பாலான நல்ல கம்பெனிகள் லைஃப்டைம் வாரண்டியே தருகின்றன. 16 ஜிபி, இரண்டு 8 ஆக. வந்த அன்றே மெம்டெஸ்ட் 86-ஐ ஓர் இரவு ஓடவிடுங்கள். பாத்டப் கர்வின் முதல் பகுதிக் கோளாறு வாரண்டி நாளிலேயே வெளியே வந்துவிடும். வருஷக்கணக்கில் நிம்மதி வேண்டுமென்றால் ஓவர்கிளாக் பக்கம் போக வேண்டாம். டிடிஆர்4-க்கு ஸ்டாண்டர்டு வோல்டேஜ் 1.2, எக்ஸ்எம்பி போட்டால் பெரும்பாலும் 1.35. நல்ல ராம் தாங்கும்தான், ஆனால் தினசரி வேலையில் அந்த வேகம் கண்ணுக்கே தெரியாது.

எஸ்எஸ்டி: டேட்டா இருக்கும் இடம்

"எஸ்எஸ்டி-ல எழுத எழுத தேஞ்சு போயிடும்" என்று ஒரு பயம் உண்டு. உண்மைதான், ஆனால் எவ்வளவு? சாம்சங் 970 ஈவோ ப்ளஸ் 500 ஜிபி-க்கு 300 டெராபைட் எழுதலாம் என்று உத்தரவாதம். தினம் 30 ஜிபி எழுதினால், அது நம்மில் பலருக்கு அதிகம்தான், 10,000 நாள். 27 வருஷம்! ஆக தேய்மானத்தைவிட கன்ட்ரோலர் கோளாறு, திடீர் மின்வெட்டு இவைதான் எஸ்எஸ்டியைக் கொல்பவை.

வாங்கும்போது டிஎல்சி ரகமா, க்யூஎல்சி ரகமா என்று பாருங்கள். ஒரு செல்லில் மூன்று பிட் வைப்பது டிஎல்சி, நான்கு பிட் வைப்பது க்யூஎல்சி. க்யூஎல்சி ஆன க்ரூஷியல் பி3 1 டிபி-க்கு உத்தரவாதம் 220 டெராபைட். டிஎல்சி-யில் அதே 1 டிபி-க்கு 600 சகஜம். விலை வித்தியாசம் சின்னது என்றால் டிஎல்சி எடுங்கள். பெயரே கேள்விப்படாத பிராண்டில், உள்ளே என்ன சிப் என்று சொல்லாத எஸ்எஸ்டி வேண்டாம். கால்வாசி இடத்தைக் காலியாக விட்டு வைத்தால் வேகமும் ஆயுளும் இரண்டும் நன்றாக இருக்கும். மாதம் ஒரு முறை கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, லினக்ஸ் என்றால் ஸ்மார்ட்சிடிஎல், திறந்து ஆரோக்கியம் பாருங்கள்.

ஆனால் எஸ்எஸ்டி சாகும்போது ஹார்ட் டிஸ்க் மாதிரி கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்காது. நேற்று வரை இருந்தது, இன்று பயாஸிலேயே தெரியாது. அதனால் உண்மையான 'லாங் லாஸ்டிங்' என்பது பேக்கப்பில்தான் இருக்கிறது. டேட்டா மூன்று காப்பி, இரண்டு விதமான சாதனத்தில், ஒன்று வீட்டுக்கு வெளியே. ப்ராஜெக்ட் கோடு கிட் ரெப்போவில், ரிப்போர்ட் கிளவுடில், எல்லாம் சேர்த்து ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில். பார்ட் கெட்டால் பணத்தால் வாங்கலாம். தாத்தாவோடு எடுத்த ஃபோட்டோவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

கேபினட், ஃபேன், தூசி, பல்லி

கண்ணாடிக் கேபினட் அழகுதான். ஆனால் முன்பக்கம் முழுக்க மூடியிருந்தால் உள்ளே அடுப்பு. முன்னால் மெஷ், கழற்றிக் கழுவக்கூடிய டஸ்ட் ஃபில்டர், எஸ்எம்பிஎஸ் அடியில் உட்கார்ந்தால் அதற்கும் ஒரு ஃபில்டர்: இவைதான் வேண்டும். முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. உள்ளே வரும் காற்று அதிகமாக இருந்தால், இடுக்கு வழியாகத் தூசி நுழையாமல் ஃபில்டர் வழியாக மட்டுமே காற்று வரும்.

ஃபேனில் முக்கியம் பேரிங். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சாதாரண ஸ்லீவ் பேரிங்கில் எண்ணெய் காய்ந்தால் கரகர சத்தம், பிறகு நின்றுவிடும். ஃப்ளூயிட் டைனமிக் பேரிங் அல்லது பால் பேரிங் அதிக நாள் வரும். 120 மி.மீ ஸ்டாண்டர்டு ஃபேனாக இருந்தால் எந்த ஊரிலும் மாற்று கிடைக்கும்.

லிக்விட் கூலர் வேண்டுமா? 65 வாட் பிராசசருக்குத் தேவையே இல்லை. அதில் பம்ப் இருக்கிறது, உள்ளிருக்கும் திரவம் வருஷக்கணக்கில் ரப்பர் குழாய் வழியே மெல்ல மெல்லக் குறையும். ஏர் கூலரில் கெடக்கூடியது ஒரே ஃபேன். மற்றது வெறும் அலுமினியமும் காப்பரும்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு பிரச்சினை பல்லி. பின்னால் ஸ்லாட் மூடி கழன்று ஓட்டையாக இருந்தால், கதகதப்புக்கு உள்ளே போய்விடும். போர்டில் ஷார்ட் ஆனால் பல்லியும் காலி, போர்டும் காலி. கடைக்காரரிடம் ஸ்லாட் மூடிகளைக் கேட்டு வாங்கி மாட்டுங்கள். எறும்பு வராமல் இருக்க, முறுக்கும் பிஸ்கட்டும் டேபிளுக்கு வெளியே.

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி பக்கம் கடற்கரையோரம் வீடு என்றால் உப்புக் காற்றில் காண்டாக்ட்கள் அரிக்கும். ஜன்னலுக்கு நேராக வைக்க வேண்டாம். தினம் கொஞ்ச நேரமாவது ஆன் பண்ணுங்கள். மாதக்கணக்கில் மூடி வைத்தால் ஈரம் தங்கும்.

பில் இல்லாமல் வாங்காதீங்க

ரிச்சி ஸ்ட்ரீட்டோ, உங்கள் ஊர்க் கடையோ, "பில் இல்லாம எடுத்தா கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்று ஒரு வார்த்தை வரும். அந்தக் கொஞ்சத்துக்கு நாம் விற்பது மூன்று வருஷ வாரண்டியை. ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பார்ட்டின் மாடலும் சீரியல் நம்பரும் இருக்கணும். பிராசசர் பாக்ஸோடு வரணும். பாக்ஸ் இல்லாத டிரே பிராசசருக்குக் கம்பெனி வாரண்டி நேரடியாகக் கிடைக்காது. பில்லை ஃபோட்டோ எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள், கடைக் காகிதத்தில் மை ஒரே வருஷத்தில் மறைந்துவிடும்.

செகண்ட் ஹேண்ட் தப்பில்லை, பார்ட்டைப் பொறுத்தது. கேபினட், ராம், பெரும்பாலான பிராசசர், ஏர் கூலர்: வாங்கலாம். எஸ்எம்பிஎஸ், ஹார்ட் டிஸ்க், வரலாறு தெரியாத கிராஃபிக்ஸ் கார்டு: வேண்டாம்.

சுருக்கமாக

விலை வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால் ரூபாய்க் கணக்கு சொல்லவில்லை. வரிசை மட்டும் நினைவில் வையுங்கள்:

1. காசு போட வேண்டியது: எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ், எஸ்எஸ்டி, பேக்கப் டிஸ்க்.
2. நடுத்தரம் போதும்: பிராசசர், மதர்போர்டு, ராம், காற்றோட்டமுள்ள கேபினட்.
3. தள்ளிப் போடலாம்: கிராஃபிக்ஸ் கார்டு. தேவை வரும்போது வாங்கினால் அப்போதைய புது மாடல் கிடைக்கும்.
4. மிச்சம் பிடிக்கலாம்: லைட், கண்ணாடி, லிக்விட் கூலர், தேவைக்கு மீறிய வாட்.

வாங்கிய பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டைத் திறந்து, புளோவரால் தூசி தட்டுங்கள். ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு அடிக்கணும். அதிவேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் தேயும். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்க வேண்டாம், உள்ளே கெபாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கும். மூன்று, நான்கு வருஷத்தில் பிராசசர் சூடு ஏறுவது தெரிந்தால் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதுசு தடவுங்கள்.

இந்த லிஸ்ட்டோடு கடைக்குப் போனால் கொட்டேஷன் போடுபவர் முதலில் கொஞ்சம் முறைப்பார். "என்ன எஸ்எம்பிஎஸ் மாடல்? எத்தனை வருஷ வாரண்டி?" என்று கேட்கும் ஸ்டூடண்ட்டை அவர் அதிகம் பார்த்திருக்க மாட்டார். பரவாயில்லை, கேளுங்கள். பதில் எழுத்தில் கொட்டேஷனில் வரும் வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.